அவங்க தீவு, அவங்க போத்தல்

விடிந்தும் விடியாத நேரத்தில் எனக்கென்று ஒரு கவலை வந்து சேரும். அமெரிக்காவில் ஒரு ஆள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தான் வாங்கிய குடிப் பெக்கேஜ் கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவிலும் செல்லுமா என்று கேட்பான். நான் கண்டியில், குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணை எரிக்க, "உங்கள் கேள்விக்கு மிக்க நன்றி" என்று அவனுக்கு டைப் பண்ணுவேன். நன்றியாம்! வாசலில் வந்து நின்று இதைக் கேட்டிருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

எங்கள் வேலை இதுதான். கப்பல் பயண டிக்கெட் விற்கிற ஒரு வெளிநாட்டு ஏஜென்சிக்கு வருகிற கேள்விகளுக்கு நாங்கள் இங்கேயிருந்து பதில் எழுதுகிறோம். பேச்சு கிடையாது, எழுத்து மட்டும். ஆளுக்கொரு வெள்ளைக்காரப் பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வைத்த பேரை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு சிரித்தார், புரையேறிவிட்டது.

எங்களில் ஒருத்தருக்கும் கப்பலைத் தெரியாது. மலைநாட்டுச் சனம் நாங்கள், கடலைப் பார்க்கவே வேன் பிடித்துப் போக வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஏறிய ஒரே படகு கண்டி வாவியைச் சுற்றிக் காட்டுகிற படகு, அதிலும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் எந்தக் கப்பலில் எத்தனையாவது தட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படி ஒரு பிழைப்பு.

குடிப் பெக்கேஜ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு தொகையைக் கட்டிவிட்டால், இறங்கும் வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பியர், வைன், விஸ்கி, குடை குத்திய கலர்த் தண்ணி, எல்லாம். கொடுத்த காசுக்குக் குடித்துத் தீர்க்க வேண்டுமே என்று காலைச் சாப்பாட்டோடு ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கூத்துக்கு நடுவில் கப்பல் ஒரு நாள் ஒரு குட்டித் தீவில் நிற்கும். அந்தத் தீவைக் கப்பல் கம்பெனியே எடுத்து, மண் கொட்டி, தென்னை நட்டு, சாய்வு கட்டில் போட்டு வைத்திருக்கும். அங்கே சில கப்பல்களின் பெக்கேஜ் செல்லும், சில கப்பல்களுடையது செல்லாது. செல்லாத இடத்தில் ஒரு கிளாஸ் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு உலகமே அழுகிறது.

எப்படி அழுகிறது என்கிறீர்கள்! ஒரு அம்மா தன் விடுமுறை நாசமாகிவிட்டது, வாழ்க்கையில் இப்படி ஒரு துரோகத்தைச் சந்தித்ததில்லை என்று எழுதினார். அந்தம்மாவுக்குத் துரோகம் என்றால் என்னவென்று தெரியாமலே காலம் போயிருக்கிறது, குடுத்து வச்ச பொம்பளை. இன்னொரு ஆள், கப்பலிலேயே கிளாஸை நிரப்பிக்கொண்டு படகில் வருவேன், தீவில் கால் வைப்பதற்குள் குடித்து முடித்துவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டான். ஷாம்பூ போத்தலில் ஊற்றிக்கொண்டு போகலாமா என்று ஒருவன். என்ன ஜென்மமோ! இவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய வேலை, பெரிய பெரிய வீடு. ஒரு நாள் பகல் பொழுது பச்சைத் தண்ணியைக் குடித்துவிட்டு இருக்க முடியாதா?

கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியனா? அவன் இவர்களை விட மோசம். தீவு அவனுடையது. படகு அவனுடையது. அந்தக் கப்பல் பாரில் நிற்கிற அதே பையன்தான் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே போத்தல்களைத் தூக்கிக்கொண்டு தீவில் இறங்கி அங்கே நிற்கிறான். நடுவில் இருப்பது கொஞ்சம் தண்ணி, அதைத் தாண்டினதும் கணக்கு மாறிவிடுமாம். எங்காவது நடக்குமா இந்த அநியாயம்? வீட்டுக்குள் சாப்பாடு போட்டுவிட்டு, கை கழுவ முற்றத்துக்கு வந்த விருந்தாளியிடம் தண்ணிக்குக் காசு கேட்கிற புத்தி இது. என்னைக் கேட்டால் செல்லத்தான் வேண்டும். தன் சொந்த மண்ணில் தன் சொந்த வாக்கைச் செல்லாது என்கிறவன் வியாபாரியே இல்லை, பிக்பாக்கெட். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்? நான் டைப் பண்ண வேண்டியது, "உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்."

போன வருஷம் எங்கள் மாடிக்கு ஒரு பிள்ளை வேலைக்கு வந்தது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, யாரோ ஒரு டீச்சர் விடாப்பிடியாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, ஏ.எல். பரீட்சை எழுதி வந்த பிள்ளை. கண்டியில் ஒரு போர்டிங்கில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தது. அதன் இங்கிலீஷ் இருக்கிறதே, எனக்குப் பொறாமையாக இருக்கும். வாக்கியம் எழுதினால் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நான் அந்தக் குழுவுக்கு லீடர் என்று பேர். என் பதிலைக்கூட அதனிடம் காட்டித்தான் அனுப்புவேன்.

அதன் அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவாராம், "எம்மக வெள்ளக்காரனுக்கே இங்கிலீசுல பதில் சொல்றா" என்று. லயத்து வீடுகளில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும், வெளிநாட்டு வேலைக்கு ஃபோரம் வந்தாலும், போட்டோ பிடித்து இந்தப் பிள்ளைக்குத்தான் அனுப்புவார்கள். ஆறு மாதத் தவணை முடிந்து பெர்மனன்ட் ஆகிவிட்டால் அம்மாவை மலைக்குப் போவதை நிறுத்தச் சொல்லலாம் என்பதுதான் அதன் ஒரே நினைப்பு. "இன்னும் கொஞ்ச நாள்தானே அக்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எங்கள் மேனேஜரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்டி டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறவரின் மகன், நம்ம ஆள்தான். துபாயில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது வாயில் இருந்த தமிழை அங்கேயே இறக்கி வைத்துவிட்டார், பதிலுக்கு மூக்கால் பேசுகிற ஒரு இங்கிலீஷைக் கொண்டுவந்தார். காலையில் உள்ளே வரும்போதே "ஓகே கைஸ்" என்பார். வயசில் மூத்தவள் நான், நானும் கைஸ்தான். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் ஹார்ட்வேர் கடைத் தமிழ். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அதைத் தடவிக்கொண்டே நடப்பார்.

இந்தப் பிள்ளையின் தவணை முடிய ஒரு கிழமை இருந்தது. ஒரு நாள் காலையில் மேனேஜர் ஒரு முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பயணி, தன் பெக்கேஜ் தீவில் செல்லுமா என்று எங்களிடம் கேட்டிருக்கிறான். "கண்டிப்பாகச் செல்லும், கவலை வேண்டாம்" என்று பதில் போயிருக்கிறது. அவன் அதை நம்பி, பெண்டாட்டி, மச்சான், மச்சான் பெண்டாட்டி என்று எல்லோருக்கும் பெக்கேஜ் வாங்கியிருக்கிறான். தீவில் இறங்கிப் பாரில் கையை நீட்டினால் செல்லாது என்றுவிட்டார்கள். எங்கள் பதிலைப் படம் பிடித்து அனுப்பி, நஷ்ட ஈடு கொடு என்று குதிக்கிறான். பதில் எழுதியது இந்தப் பிள்ளை.

நான் அதைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏ புள்ள, அந்தக் கப்பலுக்குச் செல்லாதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கே, பார்க்கலியா?"

"பார்க்கல அக்கா."

"ஏன் பார்க்கல? எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத்தானே எழுதுவ நீ!"

அது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "தீவு கம்பெனியுடையதுன்னு இருந்துச்சு அக்கா. கம்பெனி எடம்னா கம்பெனி குடுக்கிறது செல்லாமப் போகுமா? எங்க தோட்டத்துல எந்த மலையில கொழுந்து எடுத்தாலும் தேத்தண்ணி வாளி அந்த மலைக்கு வந்துரும். இந்த மலைக்கு உண்டு, அந்த மலைக்கு இல்லன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. அதுல பார்க்கிறதுக்கு என்னா இருக்குன்னு நெனச்சிட்டேன்."

டவுன் பிள்ளைகளுக்கு இந்தத் தவறு வராது. டவுனில் பிறந்தவன் எதை வாங்கினாலும் இது எங்கே செல்லாது என்றுதான் முதலில் கேட்பான். தோட்டத்தில் கம்பெனி எலும்பு வரைக்கும் உறிஞ்சும், லயத்துக் கூரை ஒழுகினால் திரும்பிப் பார்க்காது, ஆனால் வாளித் தேத்தண்ணி மலைக்கு வந்துவிடும். அந்த ஒரு தேத்தண்ணியை வைத்து இந்தப் பைத்தியக்காரப் பிள்ளை உலகத்துக் கம்பெனிகளையெல்லாம் நம்பியிருக்கிறது. எனக்கு அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "தவறு நடந்துருச்சு சார். விதியைப் பார்க்காம எழுதிட்டா. மன்னிப்புக் கேட்டு, அந்த ஆளுக்கு ஏதாவது பார்த்துக் குடுத்தா முடிஞ்சிரும். புதுப் பிள்ளை, ஒரு தடவை விட்டுருங்க."

அவர் கதிரையில் சாய்ந்து அட்டையைத் தடவினார். விதியைத் தவறாகச் சொன்னோம் என்று ஒத்துக்கொண்டால் ஏஜென்சி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வரும், அதை நம் தலையில்தான் கட்டுவார்கள் என்றார். ஆனால் பதில் சொன்ன ஆளுக்கு மொழி சரியாகத் தெரியாது, கேள்வியே விளங்கவில்லை என்றால் ஒருத்தருக்கும் பொறுப்பில்லையாம். டிக்கெட்டில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டிருக்கிறதாம். "சிம்பிள். தனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அவ அந்த ஆளுக்கு ரெண்டு வரி எழுதட்டும். அவ வேலைக்கு நான் பொறுப்பு."

சிம்பிளாம்! அந்த மாடியிலேயே ஒழுங்காக இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளைப் பிடித்து, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எழுத வைக்க வேண்டுமாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைக் கூப்பிட்டு அவரே சொன்னார். அதன் முகம் சுண்டிப்போனது. அப்புறம் என்னைப் பார்த்தது. பெர்மனன்ட், அம்மா, மலை, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. "சரி சார்" என்று கதிரையில் உட்கார்ந்தது.

எழுதியது. நான் பின்னால் நின்று வாசித்தேன். ஆங்கிலத்தில் தனக்குப் போதிய தேர்ச்சி இல்லாமையால் அவருடைய வினாவின் உட்பொருளை உணரத் தவறியதாகவும், அதனால் அவருக்கு நேர்ந்த மனக்கசப்புக்குத் தலைவணங்கி வருந்துவதாகவும் எழுதியிருந்தது. இங்கிலீஷ் தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு அழகான இங்கிலீஷை நான் பார்த்ததில்லை. அந்த இக்கட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். தமிழ் வந்துவிட்டது. "ஏய், இப்படி எழுதினா எவன் நம்புவான்? பிழை போடு! நல்லா நாலு பிழை போடு!"

"எப்படிப் போடுறது சார்?" என்று அது கேட்டது. நக்கல் இல்லை. நிஜமாகவே அதற்குத் தெரியவில்லை. எந்தச் சொல்லைக் கெடுப்பதென்று தெரியாமல் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது.

"தள்ளு!" என்று அதை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். டகடகவென்று அடித்தார். பிழை போட வேண்டும் என்கிற ஞாபகமே அவருக்கு வரவில்லை, வழக்கம் போலத்தான் எழுதினார். அதுவே தாராளமாகப் போதுமாயிருந்தது. அந்தப் பிள்ளையின் வெள்ளைக்காரப் பேரைக் கீழே போட்டு அனுப்பிவிட்டு, "டன்" என்று கையைத் தட்டினார்.

"என் பேர்ல போகுதே சார்" என்றது பிள்ளை.

"அது உன் பேரா? நாங்க வச்ச பேருதானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்த அமெரிக்காக்காரன் அதோடு அடங்கினான். இங்கிலீஷ் தெரியாத ஏழை நாட்டுப் பெண் என்று இரக்கப்பட்டு ஒரு வரிகூட எழுதியிருந்தான், மனசு பெரிய மனுஷன். குடிக்காத கிளாஸுக்கு ஊரைக் கூட்டுகிறவன் இரக்கப்படுகிறானாம்! நாங்கள் அப்பாடா என்று மூச்சு விட்டோம். பிள்ளை மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "விடு புள்ள, பெர்மனன்ட் ஆனதும் எல்லாம் மறந்துரும்" என்று நான் என் பார்சலைப் பிரித்து அதன் முன்னால் தள்ளினேன்.

தவணை முடிகிற அன்றைக்குக் கொழும்பு ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் திரையில் வந்தார். மேனேஜர், நான், பிள்ளை, மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். அந்த மேடம் வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்த மன்னிப்பு மெசேஜை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தார். இங்கே காலம் பிழை, இங்கே எழுத்துப் பிழை, இந்த வாக்கியத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இப்படி எழுதுகிற ஒரு ஆளை எப்படி ஆறு மாதம் வைத்திருந்தீர்கள், பெர்மனன்ட் பண்ண எப்படி சிபாரிசு செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். ஒவ்வொரு பிழையாக வாசிக்க வாசிக்க அவர் காது சிவந்துகொண்டு வந்தது. வாய் திறக்கவில்லை. "அவ வேலைக்கு நான் பொறுப்பு" என்ற வாய் அது. மேசையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. தூ!

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அது இந்தப் பிள்ளை எழுதினது இல்ல" என்றேன். "இந்தப் பிள்ளை எழுதினதை நல்லா இருக்குன்னு சொல்லி அழிச்சாங்க. நீங்க வாசிச்ச இங்கிலீஷ் இதோ பக்கத்துல இருக்காரே, இவருடைய இங்கிலீஷ். நீங்க கண்டுபிடிச்ச பிழை எல்லாம் அவருக்குச் சொந்தம்."

மேடம் மேனேஜரைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். அவர் "வெல், மேடம்" என்றார், அதற்கு மேல் போகவில்லை. மேடம் பிள்ளையைப் பேசச் சொன்னார். அது என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து, தன் தவறையும் சேர்த்து, அமைதியாக அந்த மணியான இங்கிலீஷில் சொன்னது. மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜெயிச்சிட்டோம் என்று மேசைக்குக் கீழே பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நீ நன்றாகத்தான் பேசுகிறாய், அது எனக்குத் தெரிகிறது என்றார். ஆனால் நமது ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்தில் போய்விட்டது, அதைச் சொல்லித்தான் நஷ்ட ஈட்டை மறுத்திருக்கிறோம். இனி உன்னை வைத்துக்கொண்டால் நாம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால், ஐ ஆம் சாரி.

மேனேஜரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய இங்கிலீஷ் எப்படி என்று தெரிந்த பிறகும் கேட்கவில்லை. கம்பெனிக்கு அவர் இங்கிலீஷ் நல்லதாக இருக்க வேண்டும், பிள்ளையின் இங்கிலீஷ் கெட்டதாக இருக்க வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது அவர் என்னிடம், இதைப் பர்சனலாக எடுக்க வேண்டாம் என்றார். "உங்க மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பா இருக்கு சார்" என்றேன். நல்ல தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அன்றைக்கே பிள்ளை போர்டிங்கைக் காலி செய்தது. ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, அவ்வளவுதான் சாமான். மகியங்கனை போகிற பஸ்ஸில்தான் ஹுன்னஸ்கிரியவுக்குப் போக வேண்டும், அது என் வீடு இருக்கிற குண்டசாலை வழியாகப் போகும் என்பதால் நானும் அதிலேயே ஏறினேன். ஜன்னல் பக்கம் அதை உட்கார வைத்தேன். பஸ் பாலத்தைத் தாண்டியது.

பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அது எடுத்துக் காதில் வைத்தது. மலையில் சிக்னல் கிடைக்காது என்று அந்தம்மா எப்போதும் கத்தித்தான் பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது. "என்னா ஆயி, பெர்மனன்ட் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. வந்துக்கிட்டிருக்கேன்."

"ஏன் சாமி? என்னா சொன்னாங்க?"

பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. "இங்கிலீசு போதாதுன்னாங்க."

அப்புறம் அந்தம்மா, இதற்கு முன்னால் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "அப்ப டீச்சர் நம்மகிட்ட பொய்யா சொன்னாங்க?"

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. நான் போனைப் பிடுங்கினேன். "அம்மா, நான் அவகூட வேலை செய்ற அக்கா பேசுறேன். ஒங்க மக இங்கிலீசுக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க மேனேஜர் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவருக்கு அந்த இங்கிலீசு வராது. அவரு எழுதின பிழைக்குத்தான் இவளை அனுப்பிட்டாங்க. டீச்சர் பொய் சொல்லல. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"சரிங்க தாயி. அவருக்கு இங்கிலீசு வராது, எம்மகளுக்கு வரும். அப்ப அவரு ஆபீசுல இருக்காரு, எம்மக பஸ்ஸுல வாறா. அது எப்படிங்க?"

குண்டசாலை வந்துவிட்டது. நான் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.